பேனல் கதவின் உட்புறத்தில் ஒரு தாள்

மில்லிலும் எடைமேடையிலும் பம்ப் ஹவுஸிலும் சீரியல் டிவைஸ் சர்வர் மாட்டும் தம்பி தங்கைகளுக்கு,



உங்களில் பலரை எனக்கு முகம் தெரியாது. உங்கள் வேலை தெரியும். நீங்கள் மாட்டிவிட்டுப் போன பெட்டியை மூன்று வருடம் கழித்து, ஏதோ ஒரு ராத்திரி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு திறந்து பார்க்கிறவன் நான். உள்ளங்கை அளவுப் பெட்டி. ஒரு பக்கம் ஒன்பது முள் கனெக்டர், மறுபக்கம் லேன் கேபிள், நடுவில் சிமிட்டும் பச்சை விளக்கு. ஐபி என்ன என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எந்தப் போர்ட் எண்ணில் பேசுகிறது என்றாலும் தெரியாது. பாஸ்வேர்டு? "போட்ட பையன் துபாய் போய்ட்டானுங்க" என்கிறார் ஷிப்ட் சூப்பர்வைசர்.

துபாய் போன பையன் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அப்படிக் கைகழுவிவிட்டு வந்தவன்தான். அதனால் என் தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு ஆலையின் எடைமேடை. மேடைப் பக்கத்து கேபினில் இருந்த கம்ப்யூட்டரை ஆபீசுக்கு மாற்றினார்கள். இடையில் இருநூறு மீட்டர் தூரம். ஆர்எஸ்-232 கேபிளைப் பதினைந்து மீட்டருக்கு மேல் நம்பி இழுக்கக் கூடாது. ஆகவே கேபினில் ஒரு டிவைஸ் சர்வர் வைத்து, எடை காட்டும் இண்டிகேட்டரை அதில் சொருகி, அங்கிருந்து ஆபீசுக்கு ஃபைபர் வழியாக லேன் இழுத்தோம். டிசிபி சர்வர் மோட், போர்ட் எண் 4001, ஒரு நேரத்தில் ஒரே இணைப்பு. காலி மேடைக்கு பூஜ்யம் வந்தது. கரும்பு டிராக்டர் ஏறியது, எடை வந்தது. "டேட்டா வந்துருச்சுங்க" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்தப் பெட்டியின் செட்டிங்கில் ஒரு வரி உண்டு: எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது? கம்பெனியிலிருந்து வரும்போது 7 நிமிடம் என்று இருந்தது. நல்லாப் போகிற லைனை எதற்குச் சும்மா சும்மா நோண்ட வேண்டும் என்று நினைத்து அதில் 0 போட்டேன். பூஜ்யம் என்றால் எப்போதுமே பார்க்காதே என்று அர்த்தம்.

கேபினில் யூபிஎஸ் இருந்தது, ஆபீசில் இல்லை. கரண்ட் போனால் ஆபீஸ் கம்ப்யூட்டர் சொல்லாமல் கொள்ளாமல் சாகும். பெட்டி மட்டும் விழித்திருந்து, பழைய ஆள் இன்னும் லைனில் இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அந்த இண்டிகேட்டர் கேட்டால்தான் எடை சொல்லும் வகை; தானாக எதையும் அனுப்பாது. அனுப்பியிருந்தாலாவது, திரும்ப எழுந்த கம்ப்யூட்டர் "எனக்கு இந்த இணைப்பு தெரியாதே" என்று மறுத்திருக்கும், பெட்டிக்கும் புத்தி தெளிந்திருக்கும். இங்கே இரண்டு பக்கமும் மௌனம். இருந்த ஒரே நாற்காலியில் பிணம் உட்கார்ந்திருக்க, புதிதாகக் கூப்பிடும் கம்ப்யூட்டரைப் பெட்டி திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

இது எனக்கு எப்போது தெரிந்தது? அடுத்த சீசனில், வேறொரு வேலையாகப் போனபோது. ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பெட்டிக்கு அப்பப்ப தூக்கம் வந்துருமுங்க. நான் நடந்து போயி பிளக்கைப் புடுங்கிச் சொருகி எழுப்பி உட்டுருவேன்." ஒரு சீசன் முழுக்க, ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் இருநூறு மீட்டர் போய் இருநூறு மீட்டர் வந்திருக்கிறார். பின்னால் டிராக்டர்கள் வரிசையில் நின்றிருக்கின்றன. நான் போட்ட ஒரு பூஜ்யத்துக்கு அவர் நடந்த தூரம் அது. பூஜ்யத்தை 1 ஆக்கினேன். அரை நிமிட வேலை.

"டேட்டா வந்துருச்சு" என்பது வேலையில் பாதிதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். கையால் தொடுகிற ஒன்பது முள் கனெக்டரையும் போர்ட் என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத 4001ஐயும் போர்ட் என்கிறோம். "போர்ட் நாலு வரலீங்க" என்று போன் வந்தால் நாலாவது கேபிளா, 4004ஆ என்று தெரியாமல் இரண்டு பக்கமும் அரைமணி நேரம் திண்டாடுவோம். இந்த மடலில் தொடக்கூடியது சீரியல் போர்ட், தொட முடியாதது போர்ட் எண். போனிலும் அப்படியே பேசிப் பழகுங்கள்.

போர்ட் எண் என்றால் என்ன என்று கேட்கிற புதுப் பிள்ளைகளுக்கு நான் ஜி.எச்.சைக் காட்டுவேன். ஐபி முகவரி உங்களை ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுவந்து விடும். ஓ.பி. சீட்டு எந்தக் கவுண்டர், மருந்து எந்தக் கவுண்டர், எக்ஸ்ரே எந்தக் கவுண்டர் என்பது போர்ட் எண். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான் சர்வீஸ். ஆள் இல்லாத கவுண்டரில் எவ்வளவு நேரம் நின்றாலும் காரியம் நடக்காது. ஆள் இருக்கிற கவுண்டரில் யார் போய்க் கேட்டாலும் பதில் வரும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

எண்ணைச் சரியாகப் போட்டும் தவறான சர்வீஸிடம் போய் நிற்க முடியும். ஒரு நூல் மில்லில் பார்த்தேன். எனர்ஜி மீட்டர்கள் மாட்பஸ் ஆர்டியூவில் பேசுகின்றன. டிவைஸ் சர்வர் வழியாக ஆபீசில் கிலோவாட் கணக்கு ஏறுகிறது. வாரம் முழுக்க கிட்டத்தட்ட சுத்தமாக வரும். ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் மட்டும் மெயின் மீட்டரில் சிஆர்சி (டேட்டா சரிபார்ப்பு) பிழை கொட்டும். கேபிளை மாற்றினார்கள். முனையில் 120 ஓம் ரெசிஸ்டர் போட்டார்கள். எர்த்தை நோண்டினார்கள். திங்கட்கிழமை தானாகவே சரியாகிவிடும், போட்ட ரெசிஸ்டருக்குப் பேர் கிடைத்துவிடும். அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே பிழை.

ஞாயிற்றுக்கிழமை மில்லில் என்ன மாறுகிறது? மெஷின் ஓடாது. கூரையில் இருக்கும் சோலார் மட்டும் ஓடும். மில் தின்னாத கரண்ட் வெளியே போகும். மீட்டர் கிலோவாட்டை மைனஸில் காட்டும். 16 பிட்டில் மைனஸ் 120 என்றால் இரண்டு பைட், 255, 136. மைனஸ் 1 முதல் மைனஸ் 256 வரை எந்த எண்ணை எழுதினாலும் முதல் பைட் 255 தான்.

இப்போது பெட்டியைப் பார்ப்போம். டெல்நெட்டில் 255 என்பது சாதாரண பைட் இல்லை. "அடுத்து வருவது கட்டளை" என்று சொல்லும் சைகை. உண்மையான டேட்டாவிலேயே 255 வந்தால், குழப்பம் வராமலிருக்க அதை இரண்டு முறை அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்தப் பெட்டி ஒரே சீரியல் போர்ட்டுக்கு இரண்டு போர்ட் எண் வைத்திருந்தது. ஒன்றில் டெல்நெட், இன்னொன்றில் தொட்டுத் திருத்தாத ரா டிசிபி. போட்டவர் டெல்நெட் எண்ணைக் கொடுத்துவிட்டார். 255 வராத வரைக்கும் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. சோலார் வெளியே போகும் ஞாயிற்றுக்கிழமை ஒரு 255 இரண்டாகும், சாஃப்ட்வேருக்கு ஒரு பைட் கூடுதலாகப் போகும், சிஆர்சி உதைக்கும். பெட்டி செய்தது சரியான வேலைதான், நாம்தான் வேறு கவுண்டரில் போய் நின்றோம். எண்ணை மாற்றினோம். அதற்கப்புறம் அந்த மில்லில் யாரும் எர்த்தைத் தோண்டவில்லை.

ஒரே கம்பிக்கு இப்படிப் பல எண் வைப்பது பழைய வழக்கம். சிஸ்கோ டெர்மினல் சர்வர்களில் லைன் எண்ணோடு 2000 கூட்டினால் டெல்நெட், 4000 கூட்டினால் ரா டிசிபி. டிஜியின் போர்ட்சர்வர் டிஎஸ் வகையில் முதல் சீரியல் போர்ட்டுக்கு 2001 டெல்நெட், 2101 ரா. லேண்ட்ரானிக்ஸ் பெட்டிகளில் டேட்டா 10001ல் வரும், செட்டிங்குக்கு 9999. மாக்ஸாவின் என்போர்ட் 5000 வரிசையில் டிசிபி சர்வர் 4001ல் தொடங்கும். ஆனால் கம்ப்யூட்டரில் காம் போர்ட் போலத் தோற்றம் காட்டும் ரியல் காம் மோடில் வைத்தால் டேட்டாவுக்கு 950, கட்டளைக்கு 966 என்று ஜோடியாகத் தேவைப்படும். ஐ.டி. டிபார்ட்மெண்ட்டிடம் "950 திறந்து விடுங்க" என்று மட்டும் கேட்டு, 966ஐ மறந்து, டிரைவரை நான்கு முறை அழித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஃபயர்வால் படிவத்தை நிரப்பும் முன் எந்த மோட் என்பதை முடிவு செய்யுங்கள். மோட் மாறினால் எண்ணும் மாறும்.

சொந்தமாக எண் தேர்ந்தெடுக்கும்போது மூன்று இடத்தில் கால் வழுக்கும்.

ஒன்று, 502. மாட்பஸ் டிசிபிக்கு உரிய எண் அது என்று எங்கோ படித்துவிட்டு, ரா டிசிபியில் ஓடும் பெட்டிக்கு 502 போட்டுவிடுவோம். கண்காணிப்பு சாஃப்ட்வேரான ஸ்காடா போய்ச் சேரும். மீட்டர் வாய் திறக்காது. மாட்பஸ் டிசிபியில் முன்னால் ஏழு பைட் தலைப்பு உண்டு, கடைசியில் சிஆர்சி கிடையாது. ஆர்டியூவில் தலைப்பு கிடையாது, சிஆர்சி உண்டு. எண்ணைப் போட்டதால் பெட்டி மொழிபெயர்க்கக் கற்றுக்கொள்ளாது. அதற்கு கேட்வே வாங்க வேண்டும்.

இரண்டு, 1024க்குக் கீழே உள்ள எண்கள். அவை ஏற்கெனவே பேர் போட்ட இடங்கள். உங்கள் டேட்டாவுக்கு அங்கே குடியிருப்பு தேட வேண்டாம்.

மூன்று, 49152க்கு மேலே உள்ளவை. கம்ப்யூட்டர் வெளியே பேசப் போகும்போது தனக்குத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் எண்கள் அவை. விண்டோஸ் அங்கிருந்துதான் எடுக்கும். லினக்ஸ் இன்னும் கீழே 32768லிருந்தே எடுக்கும். பெட்டியை கிளையண்ட் மோடில் வைத்து, கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் 50000ல் காத்திருக்கும்படி செய்தால், என்றோ ஒருநாள் அந்த எண்ணை வேறொரு புரோகிராம் எடுத்துக்கொண்டிருக்கும். உங்கள் சாஃப்ட்வேர் எழுந்து நிற்காது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். காரணம் யாருக்கும் புரியாது. நடுவில் ஆயிரக்கணக்கான எண்கள் காலியாகக் கிடக்கின்றன. அங்கே இருங்கள்.

இனி, ஆள் இருக்கிற கவுண்டரில் யார் கேட்டாலும் பதில் வரும் என்ற விஷயம்.

உங்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கவுண்டர். பெட்டி பிரித்த உடனே எத்தனை திறந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? வெப் பக்கத்துக்கு 80. பல பெட்டிகளில் 443. டெல்நெட்டுக்கு 23. எஸ்என்எம்பிக்கு 161, அதற்கு ஊரறிந்த "பப்ளிக்" என்ற ரகசியச் சொல். நெட்வொர்க்கில் பெட்டியைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு எண். லேண்ட்ரானிக்ஸில் அது 30718, மாக்ஸாவில் யூடிபி 4800, டிஜியில் யூடிபி 2362. நீங்கள் கேட்காமலே ஐந்தாறு பேர் உள்ளே உட்கார்ந்து யார் வந்தாலும் வாங்க என்கிறார்கள்.

இதில் பெரிய ஏமாற்று வேறு ஒன்று உண்டு. வெப் பக்கத்துக்கு நல்ல பாஸ்வேர்டு வைத்துவிட்டோம், பெட்டி பத்திரம் என்று நினைக்கிறோம். அந்தப் பாஸ்வேர்டு செட்டிங்கைத்தான் காக்கும். ரா டிசிபியின் 4001ல் வந்து பேசுகிறவனிடம் பெட்டி "நீ யார்" என்று கேட்பதே இல்லை. கம்பிக்கு அந்தப்புறம் இருக்கும் மாட்பஸுக்கும் பாஸ்வேர்டு என்ற வழக்கமே கிடையாது. 1979ல் ஒரே தொழிற்சாலைக்குள் ஒரே கம்பியில் பேசப் பிறந்த மொழி அது. எழுதும் கட்டளை எது என்று தெரிந்தவன் எவனும் பம்ப்பை ஓட விடலாம், நிறுத்தலாம்.

கற்பனையாகப் பயமுறுத்தவில்லை. 2013ல் எச்.டி. மூர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் உலக இன்டர்நெட்டைத் துழாவிப் பார்த்து, வெளியே தெரியும்படி நின்ற சீரியல் சர்வர்கள் 1,14,000க்கு மேல் என்று கணக்குச் சொன்னார். பெரும்பாலானவை மொபைல் சிம் வழியாக வெளியே நின்றன. 13,000க்கு மேற்பட்ட சீரியல் போர்ட்டுகள் எந்தப் பாஸ்வேர்டும் கேட்காமல் கதவைத் திறந்தன. அவற்றை மாட்டியவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான்: ராத்திரி போன் வந்தால் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம் என்று சிம் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டவர்கள்.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின்விநியோக நிறுவனங்களுக்குள் ஊடுருவியவர்கள் சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரத்தை அறுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. துணைமின் நிலையங்களில் இருந்த சீரியல்-ஈதர்நெட் கன்வெர்ட்டர்களின் ஃபர்ம்வேரைக் குப்பையால் நிரப்பினார்கள். கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்களுக்கு நிலைமை தெரிந்தும் கை எட்டவில்லை. ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு துணைமின் நிலையங்களுக்குப் போய் பிரேக்கரைக் கையால் போட்டார்கள். சில மணி நேரத்தில் விளக்கு எரிந்துவிட்டது. ரிமோட்டில் இயக்கும் வசதி அதற்குப் பிறகும் நெடுநாள் இல்லாமலே இருந்தது. மொத்த மின்கட்டமைப்பில் விலை குறைந்த, யாரும் திரும்பிப் பார்க்காத பெட்டி எதுவென்று தாக்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை மாட்டுகிற நமக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

ஆகவே, சைட்டை விட்டுக் கிளம்பும் முன் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். டெல்நெட்டை மூடுங்கள். 443 இருந்தால் 80ஐ மூடுங்கள். எஸ்என்எம்பி யாரும் பார்ப்பதில்லை என்றால் அதையும் மூடுங்கள். பார்க்கிறார்கள் என்றால் "பப்ளிக்" என்ற சொல்லையாவது மாற்றுங்கள். எந்த ஐபிக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்ற பட்டியல் பெரும்பாலான பெட்டிகளில் இருக்கிறது. அதில் ஸ்காடா கம்ப்யூட்டரைச் சேருங்கள். உங்கள் லேப்டாப்பின் ஐபியை முதலில் சேர்த்துவிட்டு, பிறகு பட்டியலை ஆன் செய்யுங்கள். வரிசையை மாற்றினால் பெட்டி உங்களையே வெளியே தள்ளிக் கதவடைக்கும், ரீசெட் பட்டனைக் குத்த ஊசி தேடிக்கொண்டிருப்பீர்கள், நான் தேடியிருக்கிறேன். வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்று ஓனர் கேட்டால் விபிஎன் போட்டுக் கொடுங்கள். 4001ஐ 27413 என்று மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். இருக்கிற 65,535 எண்ணையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் வேலையை ஒரு லேப்டாப் டீ குடித்து முடிப்பதற்குள் செய்துவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு, அதை உங்கள் தலைக்குள் மட்டும் எடுத்துக்கொண்டு போனால், உங்களுக்கும் துபாய் பையனுக்கும் வித்தியாசம் இல்லை. எழுதி வையுங்கள்.

80, 23, 443 என்று நாம் அசட்டையாகச் சொல்லும் எண்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? 1972ல், வெகு சில கம்ப்யூட்டர்களே நெட்வொர்க்கில் இருந்த காலத்தில், ஜான் போஸ்டல் என்ற இளைஞர் ஒரு குறிப்பு எழுதினார். எந்த வேலைக்கு எந்த எண் என்பதை ஒரே ஆள் பொறுப்பாக வைத்துக் கொடுக்க வேண்டும் என்றார். அந்த ஆள் நானாக இருக்கலாமா என்று ஒரு கேள்வியும் போட்டார். 1998ல் சாகும்வரை எண்களின் பேரேடு அவர் பொறுப்பிலேயே இருந்தது. 1995ல் ஃபின்லாந்தின் டாட்டு யூலோனன் எஸ்எஸ்எச் எழுதியபோது, எஃப்டிபியின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் நடுவில் 22 காலியாக இருப்பதைப் பார்த்து, அதைக் கேட்டு வாங்கினார். காலியாக இருப்பது தெரிந்ததே யாரோ எழுதி வைத்திருந்ததால்தான்.

உலகத்துக்கே ஒரு ஆள் எழுதி வைக்க முடிந்தது. நம் பேனலுக்கு ஒரு தாள் எழுத நம்மால் முடியாதா?

நான் இப்போது ஒட்டும் தாளில் இருப்பது இவ்வளவுதான்:

சீரியல் போர்ட் 1: மெயின் எனர்ஜி மீட்டர். ஆர்எஸ்-485, 9600, ஈவன் பாரிட்டி.
பெட்டியின் ஐபி: 192.168.10.51. மோட்: டிசிபி சர்வர், ரா. போர்ட் எண்: 4001.
பேச அனுமதி: ஸ்காடா கம்ப்யூட்டர், மெயின்டனன்ஸ் லேப்டாப்.
எதிர்முனை உயிர்ச் சோதனை: 1 நிமிடம். 0 போடாதே.
திறந்தவை: 4001, 443. மூடியவை: 80, 23, 161.
பாஸ்வேர்டு: மேனேஜர் பீரோவில் ஒட்டிய கவரில்.
மாற்றியவர், தேதி:

கடைசி வரிக்குக் கீழே பாதித் தாளைக் காலியாக விடுகிறேன். வருகிறவர் எழுத வேண்டும் அல்லவா? எண்ணெய்க் கை படுமே என்று மேலே செலோடேப் ஒட்டக் கூடாது. ஒட்டினால் பேனா எழுதாது. பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவின் உட்புறம் மாட்டிவிட்டால் உருவி எடுத்து எழுதலாம்.

எடைமேடை ஆபரேட்டருக்கு நான் ஒரு சீசன் நடையைக் கடன்பட்டிருக்கிறேன். "0 போடாதே" என்ற அந்த வரி அவருக்காக எழுதியது. போன மாதம் வேறொரு ஆலையில் ஒரு பேனலைத் திறந்தேன். உட்புறம் உறையில் ஒரு தாள் இருந்தது, என் கையெழுத்து இல்லை. கடைசி வரியில் மூன்று தேதிகள், மூன்று விதமான கையெழுத்து. டார்ச்சைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டு நின்றுகொண்டே படித்தேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்து, கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

அந்தத் தாளை எழுதியவர் இதைப் படித்தால், நாலாவது தேதி என்னுடையது.

அன்புடன்,
கோவைப் பக்கத்தில் பேனல் திறந்து மூடும் உங்கள் அண்ணன்